மூணு நாளா வராத பிள்ளை: கடலூர் மாவட்ட வகுப்பாசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பிள்ளை மூன்று நாள் வராமல் போனால், அதை முதலில் கவனிப்பவர் யார்? அவர் அதற்கப்புறம் என்ன செய்வார்? பெரும்பாலான பள்ளிகளில் தினமும் ஆலோசகர் இருப்பதில்லை. இருந்தாலும் பிள்ளை தானாகப் போய் அவர் முன் நிற்பது அபூர்வம். வாரத்தில் ஐந்து நாளும் அந்த முகத்தைப் பார்ப்பவர் வகுப்பாசிரியர். அதனால் இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது. அவர் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை. கவனித்து, கேட்டு, சரியான ஆளிடம் சேர்த்து, சேர்த்தபின்னும் கையை விடாமல் இருந்தால் போதும். பள்ளிகள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையில்தான்.

நோட்டு ஒன்று, ஐந்து கட்டம்

80 பக்க நோட்டு ஒன்று எடுங்கள். தேதி, கண்ணால் பார்த்தது, பிள்ளை சொன்னது, நாம் செய்தது, அடுத்து எப்போது என்று ஐந்து கட்டம் போடுங்கள். பெயருக்குப் பதில் வரிசை எண் எழுதுங்கள். நோட்டு பூட்டிய பீரோவில் இருக்கட்டும். ஓய்வறை மேசையில் கிடக்கக் கூடாது.

இரண்டாவது கட்டத்தில் "மனச்சோர்வு", "அடங்காதவன்" போன்ற முடிவுகளை எழுதாதீர்கள். "திங்கள், புதன் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மேசையில் தலை கவிழ்த்திருந்தான். கூப்பிட்டதும் திடுக்கிட்டான்" என்று எழுதுங்கள். நாளைக்கு மருத்துவரோ குழந்தைகள் நலக் குழுவோ கேட்டால் பயன்படுவது இந்த வரிதான். ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விடவே கூடாது. அங்கே ஒரு தேதி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம்.

எதைக் கவனிப்பது? வராத நாட்களின் ஒழுங்கைப் பாருங்கள். திங்கள்தோறும் வரவில்லையா, ஒரு குறிப்பிட்ட பாடவேளை உள்ள நாளில் வரவில்லையா, தம்பி தங்கையும் அதே நாளில் வரவில்லையா என்று பாருங்கள். கையெழுத்து திடீரென்று மாறுவது, கூட உட்காரும் நண்பனை விட்டு இடம் மாறுவது, வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வருவது, மணி அடித்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்பது இவையெல்லாம் எழுத வேண்டியவை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் விரல்களைப் பாருங்கள். நுனித்தோல் உரிந்து கறுத்திருந்தால், அது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்ட காயமாக இருக்கலாம். பிள்ளை வீட்டில் கொட்டை உடைக்கிறது. இரவு பதினொரு மணிவரை உடைத்துவிட்டு வந்த பிள்ளைதான் காலையில் தூங்கி விழும். அதை "கவனமில்லை" என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

மனசு என்று தீர்மானிக்கும் முன் உடம்பைப் பாருங்கள். காலையில் சாப்பிட்டதா, கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, எத்தனை மணிக்குத் தூங்கியது? கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா? இரத்தசோகையும் கிட்டப்பார்வையும் "மந்தமான பிள்ளை" என்ற பெயரில் பல வருடம் ஒளிந்திருக்கும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பட்டியலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம்

முதல் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மதிய இடைவேளையின் பின்பாதி நல்ல நேரம். கடைசி மணிக்குப் பிறகு நிறுத்தாதீர்கள். பேருந்து போய்விடும் என்ற பதற்றத்தில் பிள்ளை எதையும் சொல்லாது. இடம், மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது: வேப்பமரத்தடித் திண்ணை, நூலகத்தின் ஓரம், வராந்தாவின் கோடி. கதவைச் சாத்திய அறை உங்களுக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பேச்சு சீக்கிரம் வரும்.

பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள்: "தம்பி, ரெண்டு நாளா நீ சாப்பாட்டுக்குப் போகல, பாத்தேன். சொல்லணும்னு தோணுனா சொல்லு. இல்லன்னா சும்மா கொஞ்ச நேரம் உட்காந்திருப்போம்." பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் இருபதுவரை எண்ணுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஐந்தாவது எண்ணிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். பிள்ளை வாய் திறப்பது பலநேரம் பதினைந்துக்கு மேல்தான்.

பேச்சைக் கெடுப்பவை எப்போதும் அதேதான். "ஏன்டா இப்படி இருக்க?" என்பது பிள்ளை காதில் குற்றச்சாட்டாக விழும். "இதெல்லாம் ஒரு விஷயமா?", "உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா?", "அப்பா அம்மா உனக்காகத்தானே கஷ்டப்படறாங்க" என்ற மூன்றும் அந்தக் கதவை அந்த வருடம் முழுக்கச் சாத்திவிடும். புத்திமதியை இன்னொரு நாளைக்கு வையுங்கள். பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும்: "அப்பா ராத்திரி சத்தம் போடறப்ப தம்பியைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்து நின்னுடறே. அப்படித்தானே?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்" என்று கேட்கும்போதுதான் அதிகம் தவறுகிறோம். இரக்கத்தில் சத்தியம் செய்துவிடுகிறோம். பிறகு காப்பாற்ற முடிவதில்லை. சொல்ல வேண்டியது இது: "தேவையில்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்."

எழும்போது அடுத்த நாளைக் குறித்துச் சொல்லுங்கள். "வியாழக்கிழமை இதே இடத்துல பாப்போம்" என்றால் வியாழக்கிழமை அங்கே இருங்கள். மறந்துவிட்டால் நீங்களும் கைவிட்ட பெரியவர்களில் ஒருவராகிவிடுவீர்கள்.

வீட்டு வாசலுக்குப் போவது

ஒரு நாள் வராவிட்டால் அன்று மதியத்துக்குள் போன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரிப்பு. மூன்றாம் நாள் நேரில் போவது. இந்த அளவு பல பள்ளிகளுக்கு ஒத்துவரும். போனில் "ஏன் வரல?" என்று அதட்டினால் "காய்ச்சல் சார்" என்ற பதில்தான் வரும்.

எப்போது போவது என்பது தொழிலைப் பொறுத்தது. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலோர ஊர்களில் அப்பா தொழிலுக்குப் போய்விட்டுத் தூங்குவார், அம்மா மீன் விற்கப் போயிருப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் இருவரையும் பார்க்கலாம். நெய்வேலிப் பக்கம் ஷிப்ட் எதுவென்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நடவு, அறுப்பு நாட்களில் இருட்டிய பிறகுதான் ஆள் கிடைக்கும். இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண் ஆசிரியராக இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருக்காரர் இருந்தால் வழி காட்டச் சொல்லலாம். உள்ளே பேசும்போது அவர் வேண்டாம். தெருவுக்குத் தெரிந்த சங்கடம் பிள்ளை தலையில்தான் விடியும்.

முதல் வாக்கியம் நல்லதாக இருக்கட்டும், உண்மையாகவும் இருக்கட்டும்: "உங்க பொண்ணு படம் நல்லா வரையறாம்மா. மூணு நாளா காணோம்னு பாத்துட்டுப் போக வந்தோம்." புகார்ப் பட்டியல் கொண்டுபோகாதீர்கள். அப்பா குடித்திருந்தால் "இன்னொரு நாள் வர்றோம்ணா" என்று கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அன்று இரவு அடி விழுவது அம்மாவுக்கும் பிள்ளைக்கும்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் கையில் காசு இல்லாத இரண்டு மாதம் முடியும்போதுதான் பள்ளி திறக்கிறது. ஜூன் முதல் வாரம் நோட்டு, பை, செருப்பு கொண்டுவராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தாமல் இருப்பதே அந்த வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி.

வீட்டில் சாவு விழுந்த பிள்ளை திரும்பி வரும் நாள்

இதில் பள்ளிகள் தடுமாறுகின்றன. என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த பையன் மொட்டைத் தலையோடு வருவான். கருமாதிக்குப் பதினாறு நாள் ஆகியிருக்கும். விவரம் தெரியாத இன்னொரு வகுப்புப் பையன் தலையைத் தட்டி "மொட்ட பாஸு" என்பான். அந்த ஒரு தட்டுக்கே அவன் மறுநாள் வராமல் போவான். அவன் வருவதற்கு முதல் நாள், அவன் வகுப்பிலும் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளிலும் ஐந்து நிமிடம் பேசுங்கள்: "நாளைக்கு அவன் வர்றான். அவங்க அப்பா இறந்துட்டார். மொட்டை அடிச்சிருப்பான். தலையைத் தொடாதீங்க, எப்படி செத்தார்னு கேக்காதீங்க. பக்கத்துல உட்காருங்க, நோட்டைக் கொடுங்க." பக்கத்தில் உட்கார இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

வந்ததும் பொதுவில் துக்கம் விசாரிக்காதீர்கள். தனியாக ஒரு வரி போதும்: "அப்பா போனது எங்களுக்கும் வருத்தம்டா. வகுப்புல அழுகை வந்தா கை தூக்க வேண்டாம், எழுந்து வெளிய போயிட்டு வா." சாவு பற்றிச் சொல்லும்போது சுற்றி வளைக்காதீர்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் "தூங்கிட்டார்" என்றால் அது தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிட்டார்" என்றால் காத்திருக்கும். "இறந்துட்டார், அவர் உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்காது, திரும்பி வர மாட்டார்" என்பது கேட்கக் கடினமாக இருந்தாலும் பிள்ளைக்குப் புரியும். சின்னப் பிள்ளை, தான் செய்த குறும்பால்தான் அம்மா செத்தார் என்று நினைத்துக்கொள்வதுண்டு. "இது உன்னால இல்ல" என்று கேட்காமலே சொல்லுங்கள். கடலுக்குப் போனவர் உடல் கிடைக்காத வீட்டில் "கண்டிப்பா வந்துடுவார்" என்றும் சொல்லாதீர்கள், இறந்துவிட்டார் என்றும் முடிவு கட்டாதீர்கள். "தேடறாங்க, இன்னும் தெரியல, தெரிஞ்சா உனக்கும் சொல்வாங்க" என்பதே உண்மை.

பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில், முஸ்லிம் வீடுகளில் கணவரை இழந்த அம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அதாவது வெளியே போகாமல் வீட்டிலேயே துக்கம் காப்பதில், இருப்பார். கையெழுத்துக்குப் பள்ளிக்கு வாருங்கள் என்று அவரை அழைக்காதீர்கள். பெண் ஆசிரியர் ஒருவர் போய் வாங்கிவரட்டும்.

முதல் வாரம், முதல் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், தீபாவளி, வருடத் திதி: நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் இத்தனையையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆறாம் மாதத்தில் எல்லாரும் மறந்திருப்பார்கள், பிள்ளைக்கு மட்டும் அப்போதுதான் உறைக்கும்.

பண உதவிக்கும் பள்ளிதான் வழி. இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்தால் கட்டணமில்லை. அந்தச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் சாவி என்று வீட்டில் முதல் வாரமே நினைவூட்டுங்கள். சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடும் திட்டம் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போகும். மிகவும் வறிய, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாதம் 4,000 ரூபாய் தரும் நிதி ஆதரவும் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், சான்றிதழ் நான்கையும் ஒரே உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி, நீங்களே நகலெடுத்து உதவுங்கள். பலர் விண்ணப்பிக்காமல் போவதற்குக் காரணம் அந்த அலைச்சல்தான்.

மழைக்குப் பின்

2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் அதையொட்டிய தென்பெண்ணை வெள்ளமும். இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு மழைக்காலம் என்றாலே பயம் உண்டு. அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான் வருகிறது.

பள்ளி திறந்த முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். நனைந்த புத்தகம், சீருடை, சான்றிதழ் யார் யாருக்குப் போனது என்று முதல் மணி நேரத்தில் பட்டியல் எடுங்கள். பிறகு படம் வரையவோ விளையாடவோ விடுங்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். இருட்டு மூடியதும் அழுவது, படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விடாமல் பிடிப்பது முதல் சில வாரம் இயல்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வழக்கமான பள்ளி நாள் திரும்பியதும் குறையும். ஒரு மாதம் கழிந்தும் குறையாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

"செத்துடலாம் போல இருக்கு"

கேட்டால் தூண்டிவிட்டதாகும் என்ற பயம் தேவையில்லை. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நிம்மதிதான் கிடைக்கும். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்றால் அது அவசரம். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட.

பெற்றோரை நேரில் வரச் சொல்லுங்கள். பேருந்தில் தனியாக அனுப்பாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். பெற்றோர் வரும்வரை பிள்ளையோடு சேர்ந்தே அழையுங்கள். பிறகு பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரை எல்லாம் பூட்டப்பட வேண்டும் அல்லது அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போக வேண்டும். இது விவசாய மாவட்டம், மருந்து டப்பா திண்ணையிலேயே இருக்கும். எண்ணம் உச்சத்தில் இருப்பது பல நேரங்களில் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிப்பதில்லை.

பள்ளியே இதற்குக் காரணமாகிவிடும் இடமும் உண்டு. காதல் கடிதமோ கைப்பேசியோ பிடிபட்டதும், வகுப்பு முன்னால் படித்துக் காட்டி, பெற்றோரை வரவழைத்து, மாலையில் பிள்ளையைத் தனியாக அனுப்பிவைப்பது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். கடிதத்தை மடித்துப் பையில் போடுங்கள். மறுநாள் தனியாகப் பேசுங்கள். கோபம் ஆறிய பெரியவரிடம்தான் வீட்டில் சொல்ல வேண்டும், சொல்லும் நேரத்தில் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடியும் மன உளைச்சலும் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே தடை செய்கிறது. மே மாதத்தில் தேர்வு முடிவு வரும் காலையிலும் இதே கவனம் வேண்டும். தவறக்கூடும் என்று நீங்கள் கணிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு முதல் நாளே போன் செய்து, "எது வந்தாலும் துணைத்தேர்வு இருக்கு, நாளைக்கு அவனைத் தனியா விடாதீங்க" என்று சொல்லிவையுங்கள்.

பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால்

இங்கே விருப்பத்துக்கு இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைமைக்கு ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம்.

பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில், நேரத்தோடு எழுதுங்கள். "நீ சொன்னது சரி. உன் தப்பு இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் தோண்டாதீர்கள். தலைமையாசிரியர், உதவித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று மூன்று பேர் மூன்று முறை கேட்பதே பிள்ளைக்கு இரண்டாவது காயம். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித்தீர்க்க இடம் கொடுக்காதீர்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, காவல் அதிகாரி சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் இதைக் கேட்கலாம் என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

கோடை விடுமுறையில் கல்யாணப் பேச்சு நடக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் 1098தான். மாவட்ட சமூகநல அலுவலரும் தலையிடுவார். ஏப்ரல் கடைசி வாரத்தில் பெண்பிள்ளைகளிடம் "லீவுல ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டுவையுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி ஆசிரியர் அறைக்கு எதிரே தொங்கினால் காலியாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம், எல்லாரும் போய்வரும் வழியில் மாட்டுங்கள். வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் இரண்டு பேர் சேர்ந்து திறங்கள். பெயரில்லாக் கடிதத்தின் கையெழுத்தை ஆராயாதீர்கள். 14417 கல்வி உதவி எண்ணையும் 1098ஐயும் பெட்டிக்கு மேலே பெரிதாக எழுதுங்கள்.

அனுப்பிய பிறகும் முடிப்பதற்கு முன்பும்

மருத்துவமனைக்கு அனுப்பிய பிள்ளையைப் பற்றி மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் கேளுங்கள்: "போனீங்களாம்மா? டாக்டர் என்ன சொன்னார்? அடுத்து எப்ப வரச் சொன்னார்?" போகவில்லை என்றால் கூலி போகுமே என்ற கவலையா, "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்ற பயமா, யார் கூட்டிப்போவது என்ற சிக்கலா என்று பாருங்கள். மூன்றுக்கும் வெவ்வேறு வழி வேண்டும். மாத்திரை ஆரம்பித்த பிள்ளை முதல் சில வாரம் வகுப்பில் தூங்கலாம்; எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் காரணம் சொல்லாமல் "இந்தப் பிள்ளையை இந்த மாதம் எழுப்பி நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னால் போதும்.

ஏப்ரல் கடைசி வேலைநாளில் அடுத்த வருட வகுப்பாசிரியரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். நோட்டை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். சில விஷயங்கள் பிள்ளை உங்களை நம்பிச் சொன்னவை. எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு எந்த நேரத்தில் போகலாம், யாருக்கு எந்தத் தேதி கனமானது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் நல்லது, எந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஜூனில் அந்தப் பிள்ளை புது வகுப்புக்குள் நுழையும்போது, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவர் இருப்பார்.